நிக்கிற வண்டிக்கு ஒரு காடி

வரமாட்டேங்குது. பதினோரு ஸ்க்ரூ வந்துருச்சு, இந்தப் பன்னெண்டாவது மட்டும் தலை தேஞ்சு போய் நின்ன எடத்துலயே சுத்துது. நான் போட்டதுதான். நாலு மாசத்துக்கு முன்னால என்ற கையால முறுக்கினது. இனி ஒருத்தனும் கழட்டக்கூடாதுன்னு ஒரு முறுக்கு சேர்த்தே முறுக்கினேன், இப்ப நானே ஏணி மேல நின்னுக்கிட்டு அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். கழுத்து வலிக்குது. இடது கையத் தோளுக்கு மேல தூக்கினா ரெண்டு நிமிசம், அதுக்கப்பறம் அது என்ற கையே இல்லைங்கற மாதிரி கீழ வந்துருது. கரூர்ல பஸ் பாடி கட்டுற பட்டறைல முப்பத்திநாலு வருசம் கூரை வேலை பார்த்த கை இது. நாச்சிமுத்து மூடுன கூரைல சொட்டுத் தண்ணி எறங்காதுன்னு ஓனரே வர்ற பார்ட்டிக்கெல்லாம் சொல்லுவாரு. எத்தனை பஸ்ஸு மூடியிருப்பேன், கணக்கே கெடையாது. ரிட்டையர் ஆகி எனக்குன்னு ஒன்னு பண்ணுனேன், பழைய ஸ்கூல் வேன், பதினாறடி, உள்ள கட்டில், அடுப்பு, பாத்திரம் வைக்க ஒரு அலமாரி, எல்லாம் நானே அடிச்சது. அது ஒழுகுது. வெளிய சொன்னா சிரிப்பாங்க. மணி ரெண்டரை இருக்கும். மேக்கால கருக்கிட்டு நிக்குது, ஐப்பசி மாசம், எப்ப வேணா ஊத்தும். காலைல அஞ்சு மணிக்குக் கெளம்பணும். இந்த ஒரு ஸ்க்ரூ வந்தாத்தான் பழைய காடி வெளிய வரும், காடி வந்தாத்தான் புதுசு ஏறும், வா சாமி, வந்துரு, உன்னயக் கும்புடறேன், வந்து தொலை.

காடின்னா ஒன்னுமில்ல, கூரையோரமா நீளத்துக்கு ஓடுற அலுமினியப் பள்ளம், கூரைல விழற மழைத்தண்ணி அதுல எறங்கி ஒரு கோடில வடிஞ்சு போயிரணும், கதவு மேல, சன்னல் மேல ஒழுகக்கூடாது. அதுக்கும் தகரத்துக்கும் நடுவுல ரப்பர் பீடிங் ஒன்னு வரும். பாக்கறதுக்கு அழகுக்கு வெச்ச மாதிரி இருக்கும், ஆனா அது போச்சுன்னா எல்லாமே போச்சு. மூணு தடவை ஒழுகுச்சு. மொதத் தடவை பீடிங்தான் சரியில்லைன்னு அதை மாத்துனேன். ரெண்டாந்தடவை இடுக்கு அடைக்கற சீலண்ட் போட்டேன், டியூப் டியூபா, கேக்குக்கு க்ரீம் வெச்சாப்ல. மூணாந்தடவை முந்தாநேத்து, அதே எடம், டிரைவர் சீட்டுக்குப் பின்னால கட்டில் தலைமாட்டுல, புது மெத்தை தொப்பலா நனைஞ்சு போச்சு. எனக்குப் புரியவே இல்ல. பட்டறைல கேக்கலாம்னா வெக்கம். நேத்துக் காலைல ஒரு சொம்புத் தண்ணிய எடுத்து மேல ஊத்திட்டு சும்மா பார்த்துக்கிட்டு நின்னேன், அப்பத்தான் செவுட்டுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. தண்ணி பின்னால ஓடவே இல்ல. முன்னாலயே நின்னுச்சு. எங்க வாசல் ரோட்டைப் பார்த்துச் சரிவு, வண்டி மூக்கு தாழ நிக்குது, வடிகால் நான் வெச்சது பின்னால மட்டும். பஸ்ஸுக்கு எப்பவும் பின்னாலதான் வெப்போம், ஓடுற ஓட்டத்துல காத்து தண்ணியத் தள்ளிக்கிட்டுப் போயிரும், முன்னால ஓட்டை எதுக்கு. முப்பத்திநாலு வருசமும் ஓடுற வண்டிக்கே கட்டிட்டேன். நிக்கிற வண்டிக்குக் கட்டத் தெரியல. நிக்கறதுக்குன்னே கட்டுன வண்டி இது, அட மடப்பயலே, போய் மலைல ஒரு வாசல் முன்னால நிக்கறதுக்குன்னே கட்டுனது. கோத்தகிரில சரிவு இல்லாத எடம் எது. சாரதாமணி மெத்தைய வெயில்ல போட்டா, மத்தியானம் சோறு போடறப்ப சொன்னா, "இன்னொருக்கா ஒழுகுச்சுன்னா நான் பஸ்ஸுல போயிக்கறனுங்க. போனா மக ஊட்டுக்குள்ள போவேன், அங்கயேதான் இருப்பேன். திரும்பி வருவேன்னு நெனைச்சுக்காதீங்க." ரசத்தை ஊத்திக்கிட்டே சொன்னா. என்ற பொண்டாட்டி வெறும் வாய்க்குச் சொல்றவ இல்ல.

வந்துருச்சு. ஸ்க்ரூ வந்துருச்சு. கட்டிங் பிளேயர்ல தலையைப் புடிச்சு ஒரு திருகு, கை எரியுது, வந்துருச்சு. பழைய காடியக் கீழ போட்டேன், சத்தம் கேட்டு எதிர்த்த ஊட்டு நாய் கொலைச்சுது. அடியில வெள்ளை பெயிண்ட் பேந்து பழைய மஞ்சள் தெரியுது, ஸ்கூல் வேன் மஞ்சள். வீதில எல்லாரும் கேட்டாங்க, நாச்சிமுத்து அண்ணே, சுத்துலா கெளம்பறீங்களா, அண்ணிய வெச்சுக்கிட்டு ஊரைச் சுத்தப் போறீங்களா, குடுத்து வெச்சவருங்க நீங்க. நானும் ஆமாங்க ஆமாங்கன்னு சிரிச்சு வெச்சேன். உண்மையச் சொன்னா காறித் துப்புவாங்க. என்ற மக மைதிலி கோத்தகிரில நர்ஸா இருக்கா. மூணு வருசத்துக்கு முன்னால, என்னையக் கேக்காம, வேற சனத்துப் பையனைக் கட்டிக்கிட்டா, இருதயராஜுன்னு பேரு, தேயிலை பேக்டரில எலக்ட்ரீசியன். அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன், உன்ற ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன், பச்சத்தண்ணி பல்லுல படாதுன்னு. நாப்பது பேரு நிக்கையில சொன்னேன். இப்ப அவளுக்குப் பொண்ணு பொறந்து நாப்பத்திரண்டு நாள். பிரசவத்துக்குத் தாய் ஊட்டுக்கு வரல, யாரு கூப்பிட்டா வர்றதுக்கு. சாரதாமணியையும் நான் விடல. போட்டோ காட்டுனா, காது என்ற காது, ரெண்டும் மொறமாட்டம். ஆனா தீர்மானம் அதுக்கும் முன்னால, அவ முழுகாம இருக்கான்னு சேதி வந்த அன்னிக்கே பண்ணிட்டேன். வார்த்தையும் போகக்கூடாது, போய்ப் பாக்கவும் பாக்கணும். வண்டிக்குள்ளயே படுக்கை, வண்டிக்குள்ளயே சோறு, தண்ணியும் இங்கிருந்தே கேன்ல கொண்டு போயிரலாம், அவ ஊட்டு வாசல்ல நிறுத்திக்கிட்டா குழந்தைய வெளிய எடுத்துட்டு வந்து காட்டுவா, படியும் மிதிச்ச மாதிரி ஆகாது, தண்ணியும் குடிச்ச மாதிரி ஆகாது. வாய்ல வந்த ஒரு வார்த்தைக்காக பதினாறடில ஒரு ஊடு கட்டுன ஆள் ஒலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

புதுக் காடி பளபளன்னு இருக்கு. இடது பக்கம் காலைலயே முடிச்சாச்சு. பன்னெண்டடித் துண்டு ஒன்னு, நாலடித் துண்டு ஒன்னு, நடுவுல ஒட்டு. ஒரு நீளம் பன்னெண்டடி, ரெண்டு பக்கத்துக்கும் மூணு நீளம் போதும், நாலு வாங்கிட்டு வந்தேன், அளவு தப்புனா கையைப் பிசைஞ்சுட்டு நிக்கக்கூடாதுன்னு எப்பவும் ஒன்னு கூட வாங்கற பழக்கம். பீடிங்க அழுத்தி ஒட்டிக்கிட்டே வர்றேன், கட்டை விரலால, காத்துப் புகாம, ஒரு சாண், இன்னொரு சாண். சாமி, அதை நெனைக்கக்கூடாதுன்னு இருக்கேன். ரப்பர் வாசம் வந்தாலே பட்டறை ஞாபகம் வருது, பட்டறை வந்தா அந்த நாள் வந்துருது, அது வந்தா டம்ளர் வந்துரும். மத்தியானம் சாப்பாட்டு நேரம். மைதிலி கேட்டுக்குள்ள வர்றா, கைல ஸ்வீட் பாக்ஸ், பின்னால அந்தப் பையன் ஹெல்மெட்டைக் கக்கத்துல வெச்சுக்கிட்டு. நான் ரிவெட் மிசினோட நிக்கறேன். அவ சொல்றா, நான் கேக்கறேன், எல்லாரும் சோத்துல கைய வெச்சுக்கிட்டு எங்களையே பாக்கறாங்க. அப்பத்தான் அந்த வார்த்தை. அவ அழுவான்னு நெனைச்சேன். அழுதிருந்தா ஒருவேளை நான் எறங்கியிருப்பேன். "சரிங்ப்பா"ன்னா. அவ்வளவுதான். சின்னப் புள்ளைல கடைக்குப் போயிட்டு வாடான்னா எப்பிடிச் சொல்லுவாளோ அப்பிடி. ஸ்வீட் பாக்ஸை வேலை மேடை மேல வெச்சுட்டுத் திரும்பிட்டா. அந்தப் பையன், மலைல இருந்து பைக்குல வெயில்ல வந்தவன், போற போக்குல பானைகிட்ட நின்னு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடிச்சான். குடிச்சுட்டுக் கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் போனான். நாங்க யாரும் கழுவி வெச்சதில்ல, அப்பிடியே வெச்சுட்டுப் போயிருவோம். அவங்க கேட்டைத் தாண்டுனதும் நான் நேராப் போனேன், அந்த டம்ளரை எடுத்தேன், தகரக் கழிவு போடற டிரம்முல போட்டேன். எவர்சில்வர் டம்ளர். டங்குன்னு ஒரு சத்தம். யாரும் ஒன்னும் கேக்கல. அதுதான் மோசம், எல்லாருக்கும் புரிஞ்சுருச்சு, ஒருத்தனும் கேக்கல. வார்த்தையாச்சும் கோவத்துல வந்துச்சுன்னு சொல்லிக்கலாம். டம்ளரை எடுக்கையில எனக்குக் கோவமே இல்ல. நிதானமாத்தான் எடுத்தேன். சாரதாமணிக்கு இது தெரியாது. மைதிலிக்குத் தெரியாது. அவன் திரும்பிப் பார்த்தானா இல்லியான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. பாத்திருந்தான்னா? கேட்டுகிட்ட பைக்கை ஸ்டார்ட் பண்ணிட்டு இருந்தான், சத்தம் கேட்டிருக்கும், கேட்டிருக்காது, பைக் சத்தத்துல எங்க கேக்கறது. கேட்டிருக்கும்.

கரண்டு போயிருச்சு. உள்ள மிக்சி சத்தம் நின்னுச்சு, சாரதாமணி யாரையோ திட்டறா, மின்சார வாரியத்தைத்தான். மூணு மணிக்குப் போச்சுன்னா அஞ்சு மணிக்குத்தான் வரும். எனக்கு பேட்டரி ட்ரில் இருக்கு, ஓட்டை போடறதுக்குக் கரண்டு வேண்டாம், ஆனா வேலை முடிஞ்சு தண்ணி அடிச்சுப் பாக்கணுமே, மோட்டார் போட்டாத்தானே ஓஸ் பைப்புல தண்ணி. பார்த்துக்கலாம். மொத ஓட்டை, ரெண்டாவது ஓட்டை. தோள் கெஞ்சுது. மூணு ஸ்க்ரூவுக்கு ஒருக்கா ஏணில சாஞ்சு நிக்கறேன், அட, இந்த ஒடம்புக்கு என்னதான் வேணும், சக்கரை, முட்டி வலி, தோள் வலி, ஒவ்வொன்னா உள்ள வந்து குடித்தனம் பண்ணுது. முன்னால கோடில வடிகால் மூக்கு ஒன்னு வெச்சு, கதவுக்கு இந்தப் பக்கமா தண்ணி விழற மாதிரி வளைச்சு விட்டேன். இனி வண்டி மூக்கு தாழ நின்னாலும் சரி, தூக்கி நின்னாலும் சரி, ரெண்டு பக்கமும் வழி இருக்கு. இதைச் செய்யத் தெரியாமயா மூணு தடவை சீலண்ட் அப்புனேன். அடைக்கறதுக்கு மட்டும் நல்லாத் தெரியும் எனக்கு.

"ஏனுங்க, போனு." சாரதாமணி ஏணிக்கடியில நிக்கறா, போனை மேல நீட்டிக்கிட்டு, ஸ்பீக்கர்ல போட்டு. "என்னையக் கேக்கறதா இருந்தா நானே சொல்லியிருப்பேன். உங்ககிட்டத்தான் கேக்கணுமாம்." மைதிலியான்னு நெனைச்சேன், ஏணிக் கம்பியப் புடிச்சுக்கிட்டேன். மைதிலி இல்ல. "மாமா, நான் ராஜுங்க." மூணு வருசத்துல நான் கேக்கற மொத பேச்சு. அன்னிக்குப் பட்டறைல அவன் வாயே தெறக்கல. "வண்டி ஒசரம் பத்தரையடின்னு அத்தை சொன்னாங்க, மேல கேரியர் எல்லாம் சேர்த்துத்தானுங்களா?" "ம், எல்லாஞ் சேர்த்து"ன்னேன். "அப்பன்னா சரிங்க மாமா. வாசல்ல மழைக்குத் தகரம் எறக்கியிருந்தோம், ஒம்பதடி ஒசரந்தான், வண்டி உள்ள ஒட்டி வராது, ரோட்டுல நிறுத்துனா லாரி வர்ற எடம். அதனால காலைல தகரத்தைக் கழட்டிட்டேன். நீங்க நேரா வாசலை ஒட்டியே நிறுத்திக்கலாம்." கைல ட்ரில்லு சும்மா இருக்கு. "மழை பேஞ்சா?"ன்னேன். "பேஞ்சுட்டுத்தாங்க மாமா இருக்கு." சிரிச்சான். "கூரைத் தண்ணி நேரா வாசப்படில விழுது, சாக்குப் போட்டிருக்கேன். அது பரவால்லைங்க, மூணு நாள்தானே." பின்னால குழந்தை அழுதுச்சு. நாப்பத்திரண்டு நாள் குழந்தைக்கு இவ்வளவு தொண்டையா. அதுக்கும் பின்னால மைதிலி குரல், "அப்பாகிட்டப் போய் அதெல்லாம் எதுக்குங்க சொல்றீங்க, வையுங்க." நான் என்னமோ சொல்லணும். சந்தோசம்னு சொல்லலாம். எதுக்குப்பா கழட்டினன்னு சொல்லலாம். என்ற வாய்ல வந்தது, "வாசல் அகலம் எத்தனையடி?" யோசிக்கவே இல்ல அவன், "ஒம்பதே காலுங்க மாமா"ன்னான். காலோட சொன்னான். அளந்தவன்தான் காலோட சொல்லுவான். "சரி"ன்னேன். சாரதாமணி போனை எறக்கி அணைச்சா, என்னைய ஒருக்கா பார்த்துட்டு உள்ள போயிட்டா.

இன்னியும் நாலு ஸ்க்ரூ. போடறேன். கை தானா போடுது, மனசு அங்க நிக்குது. நான் படி மிதிக்கக்கூடாதுன்னு வண்டி கட்டுனேன், அந்த வண்டி நிக்கறதுக்கு அவன் தன்ற கூரையக் கழட்டியிருக்கான். என்ற மக பச்சைக் குழந்தைய வெச்சுக்கிட்டு சாக்கு மேல காலை வெச்சு வழுக்கி வழுக்கி நடக்கப் போறா. கோத்தகிரி மழை நம்மூரு மழையாட்டம் வந்துட்டுப் போற மழையில்ல, புடிச்சா விடாது. கூரையோரத்துல ஒரு காடி ஓட்டிட்டாப் போதும், மூணு அங்குலந்தான் நீட்டிக்கிட்டு நிக்கும், வண்டிக்கு இடிக்காது, தண்ணி ஒரு ஓரமாப் போயிரும். ஒம்பதே கால். என்ற கையில உபரியா பன்னெண்டடி இருக்கு. பீடிங் மிச்சம் இருக்கு, ஸ்க்ரூ இருக்கு, ட்ரில் இருக்கு. அரை மணி நேர வேலை. ஆனா அதை எங்க நின்னு அடிக்கறது. ஏணியச் சரிவுல போட முடியாது. நேரா வாசப்படில முக்காலியப் போட்டு நின்னாத்தான் கை எட்டும், முதுகு ஊட்டுக்குள்ள இருக்கும். ஒன்னொன்னா யோசிச்சுப் பார்த்துட்டேன், வேற வழி இல்ல. முக்காலிய அவன் புடிச்சுக்குவான். வேலை முடிஞ்சா வேர்க்கும், மலையானாலும் எனக்கு வேர்க்கும், மைதிலி தண்ணி கொண்டு வருவா. இல்ல, அவன் கொண்டு வருவான். எனக்குப் பயமா இருக்கு. உள்ளதைச் சொல்றேன், படிக்காகவும் இல்ல, நாப்பது பேருக்காகவும் இல்ல, அந்த ஒரு டம்ளருக்காகத்தான் இந்த நாலு மாசமும் தகரம் வெட்டிக்கிட்டு இருந்திருக்கேன். அவன் ஊட்டுக்குள்ள போனா அவன் தண்ணி குடுப்பான். எந்த டம்ளர்ல குடுப்பான். நல்லதாத்தான் குடுப்பான், கழுவித் தொடைச்சுக் குடுப்பான், அதை நான் எப்பிடி வாங்குவேன்.

கடைசி ஸ்க்ரூ. அதிகம் முறுக்கல. போதுங்கற அளவுக்கு நிறுத்திட்டேன். பீடிங்க ஒருக்கா நீவி விட்டேன், மேல ஏறிக் கூரை மேல உக்காந்தேன், தகரம் சுடுது, மேகம் பூரா மேல வந்துருச்சு, ஆனா ஒரு சொட்டும் விழல, வேணுங்கற நேரத்துல மழை வந்ததா சரித்திரமே இல்ல. தண்ணி ஊத்திப் பார்த்தே ஆகணும். கரண்டு வரல. தொட்டி காலி, காலைல துணி தொவைச்சாச்சு. கீழ எட்டிப் பார்த்தா வண்டிப் படிகிட்ட சாரதாமணி புடிச்சு வெச்ச கேன் ரெண்டு நிக்குது, பத்து பத்து லிட்டர், மூடி போட்டு, மூடி மேல துணி கட்டி. எனக்கான தண்ணி. அவளுக்கு இல்ல, அவ அங்க குடிச்சுக்குவா, மொதல்லயே சொல்லிட்டா. மூணு நாளைக்கு என்ற வார்த்தை காயாம இருக்கறதுக்கான தண்ணி.

"சாரதா, அந்தக் கேனைக் குடு."

"எதுக்குங்க?"

"குடு புள்ள."

ஏணில மூணு படி ஏறித் தூக்கிக் குடுத்தா. துணிய அவுத்தேன், மூடியத் தெறந்தேன், கூரைல இந்தப் பக்கமாக் கவுத்தேன். "ஏனுங்க! உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? நீங்க குடிக்கறதுக்குன்னு வடிகட்டிப் புடிச்ச தண்ணிங்க அது!" கத்தறா. தண்ணி தகரத்துல விரிஞ்சு ஓரத்துக்குப் போய், காடில எறங்கி, ஒரு நிமிசம் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நின்னுச்சு, அப்பறம் சரசரன்னு முன்னால ஓடி வடிகால் மூக்குல வளைஞ்சு ரோட்டோரமா விழுந்துச்சு. "உள்ள பாரு"ன்னேன். கட்டிலைத் தொட்டுப் பார்த்துட்டு வந்தா. "ஒரு சொட்டு இல்லைங்க." குரல் எறங்கிருச்சு. "இடது பக்கமும் பாக்கணும், அடுத்த கேனையும் குடு"ன்னேன். அவ குடுக்கல. கேன் மேல கைய வெச்சுக்கிட்டு நின்னா. "இதையும் ஊத்திட்டா அங்க போய் என்ன குடிப்பீங்க?"

கீழ செவுத்தோரம் அந்தப் பன்னெண்டடிக் காடி சாஞ்சு நிக்குது. அதையும் மேல ஏத்திக் கேரியர்ல கட்டணும், கயிறு எங்க வெச்சேன்னு தெரியல.

"அவங்க குடுக்கறதைக் குடிச்சுக்கறேன்"ன்னேன். எந்த டம்ளர்ல குடுத்தாலும்னு சொல்லல. சாரதாமணி முந்தானைல மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு கேனைத் தூக்கினா. கனமா இருந்துச்சு. இடது கையும் சேர்த்து ரெண்டு கைலயும் வாங்கினேன்.